மூன்று தடவை கால் அறுத்த பெஞ்சு

டாக்டர் என் வலது முட்டியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே தரையில உக்காரக் கூடாது, காலை மடக்கக் கூடாது" என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி "சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். மருந்துச் சீட்டை மனைவியிடம் கொடுத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

நான் தச்சன். கள்ளக்குறிச்சியில் வீட்டை ஒட்டிய ஒரு சின்னக் கொட்டகைதான் என் பட்டறை. முப்பது வருஷமாகத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துதான் இழைக்கிறேன், செதுக்குகிறேன். எங்கள் பக்கத்தில் கதவுக்கும் நிலைக்கும் லட்சுமி செதுக்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். மரத்தைத் தரையில் போட்டு, பாதத்தால் அமுக்கி, கால் விரல்களால் கவ்விப் பிடித்துக்கொள்வோம். கை இரண்டும் உளிக்கும் அதைத் தட்டுகிற கொட்டாப்புளிக்கும் போய்விடும். என் வலது கால் பெருவிரலுக்குத் தனி அறிவே உண்டு. மரம் நழுவப்போகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். அந்தக் காலைத்தான் மடக்கக் கூடாதாம்.

அப்போது ஆடி மாசம். ஆடியில் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள், கதவு மாட்ட மாட்டார்கள், ஆகவே வேலை கம்மி. ஆனால் ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு ஒரு வேலை ஒப்புக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடுகிற ஒரு விவசாயி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தன் சொந்த நிலத்துப் பலா மரத்தை அறுத்துக் கொண்டுவந்து என் கொட்டகையில் இறக்கியிருந்தார். ஏழடி உயரத்தில் நிலை, மேல் சட்டத்தில் லட்சுமி. "லட்சுமி மட்டும் நல்லா வரணுங்க" என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதாதா? வாராவாரம் பஸ் பிடித்து இறங்கி வந்து அதையே சொல்லிவிட்டு, ஒரு பை கிழங்கையும் வைத்துவிட்டுப் போவார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். அவளுடைய தம்பி உளுந்தூர்பேட்டையில் ப்ளைவுட் கடை வைத்திருக்கிறான். பில் போட நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆடி முடியற வரைக்கும் டைம் தரேன். நின்னுக்கினு வேல செய்யக் கத்துக்கிட்டீங்கன்னா செய்ங்க. இல்லன்னா ஆவணி ஒண்ணாந்தேதி தம்பி கடைல போய் உக்காருங்க. சேர் இருக்குது, ஃபேன் இருக்குது, இன்னா கொறச்சல்?"

குறைச்சல் என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பில் போடுவது பாவமில்லைதான். ஆனால் மரத்தைத் தொடாமல் மரத்தை விற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆக, நின்றபடி வேலை செய்ய ஒரு பெஞ்சு செய்வதென்று முடிவு செய்தேன்.

பெஞ்சு செய்யப்போகிறேன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், யோசனை சொல்ல ஆள் கிளம்பிவிட்டது. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே தொழில் தச்சுத் தொழில்தான். ப்ளைவுட் கடை மச்சான் அடுத்த நாளே போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அதில் ஒரு வெள்ளைக்காரர் மண்டபம் மாதிரி இருக்கிற பட்டறையில் நின்று, சட்டையில் ஒரு தூசு இல்லாமல் இழைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதே டிசைன்ல பண்ணு. கீழ டிராயரு, பக்கத்துக்கு ஒரு வைஸு, நாலு காலுக்கும் சக்கரம்."

"சக்கரம் எதுக்குடா?"

"தள்ளிக்கினு போலாம் மாமா."

"நான் இழைக்கிறப்போ அதுவே போயிக்கினு இருக்கும்டா. பெஞ்சு பின்னாலேயே நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கணும்."

நீளத்தில் மனைவி தலையிட்டாள். நிலைச்சட்டம் ஏழடி என்பதால் பெஞ்சும் ஏழடி இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அவள் உள்ளே போய், தினசரிக் காலண்டரில் கிழித்து வைத்திருந்த ஒரு தாளோடு வந்தாள். அதன் பின்பக்கம் மனையடி சாஸ்திரம். எத்தனை அடியில் அறை கட்டினால் என்ன பலன் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஆறு நல்லது, எட்டு நல்லது, ஏழு ஆகவே ஆகாது.

"அது வூட்டுக்குடி! இது பெஞ்சு."

"வூட்டுக்குள்ளதான வெக்கப் போறீங்க?"

"கொட்டகையில வெக்கப் போறேன்."

"கொட்டகை யாரு வூட்டுது?"

ஆறடி வைத்தால் சட்டம் வெளியே தொங்கும். ஆகவே எட்டடி. கொட்டகையின் நீளமே ஒன்பதரை அடிதான். பெஞ்சைப் போட்ட பிறகு அந்தக் கோடிக்குப் போக நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, சாஸ்திரம் ஆறடியில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் அகலம் இரண்டடி என் இஷ்டத்துக்கு விடப்பட்டது.

நைனார்பாளையத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்த வேப்ப மரம் கிடைத்தது. காய்ந்து இரும்பாக இருந்தது. மேல் பலகை மூன்றங்குலக் கனம், கால்கள் நாலுக்கு நாலு. உயரத்துக்கு மச்சானின் வெள்ளைக்காரர் ஒரு கணக்கு வைத்திருந்தார். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் பெஞ்சின் உயரம். கொட்டகைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று தெருவில் போய் நின்றேன். மனைவி டேப்பைப் பிடித்தாள். எதிர்வீட்டுக்காரர் "நேரா நில்லுங்க, நேரா நில்லுங்க" என்று கூவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து அங்குலம் வந்தது. சுவரில் கரிக்கட்டையால் எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து பெஞ்சு தயாரானது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முதல் பலகையைப் போட்டு இழைப்புளியைத் தள்ளினேன். தோள்பட்டை காதுக்குப் போனது. மறுபடியும் தள்ளினேன். பெஞ்சு உயரமாக இருந்தது. அளந்தது முப்பத்தைந்து, செய்தது முப்பத்தைந்து, நான் எப்படிக் குள்ளமானேன்?

மனைவிதான் கண்டுபிடித்தாள். கொட்டகை வாசலில் நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக் காட்டினாள். முட்டி வலிக்காகக் கனமான ரப்பர் செருப்பு போடச் சொல்லியிருந்தார்கள். தெருவில் அளந்தபோது அதைப் போட்டிருந்தேன். பட்டறைக்குள் செருப்போடு போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. உளியும் இழைப்புளியும் இருக்கிற இடம், அங்கே எப்படிச் செருப்பு? ஆக, செருப்பு போட்ட ஆளுக்கு அளவெடுத்து வெறுங்காலோடு நிற்கிற ஆளுக்குப் பெஞ்சு செய்திருக்கிறேன். செருப்பின் கனம் சரியாக ஓர் அங்குலம்.

நாலு காலிலும் ஓர் அங்குலம் அறுத்தேன். எரிச்சலோடு அறுத்ததில் ஒரு கால் கூடக் கொஞ்சம் போய்விட்டது. பெஞ்சு தொட்டில் மாதிரி ஆடியது. அதைச் சரிசெய்ய மற்ற மூன்று கால்களையும் மறுபடி அறுத்தேன். "ஊருக்கெல்லாம் கட்டில் பண்ற ஆளு" என்று மனைவி சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போயும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆட்டம் நின்றது. ஆனால் வேலை ஓடவில்லை. மச்சான் கொண்டுவந்த வைஸின் இரும்புத் தாடையில் பலாச் சட்டத்தைக் கொடுத்து முறுக்கினால், அது சட்டத்தில் பல் பதித்தது. சட்டத்தில் விழுந்த பல்லை இழைத்து எடுப்பதிலேயே ஒரு நாள் போனது. வைஸ் இல்லாமல் வைத்தால் மரம் நழுவியது. மரம் நழுவும்போதெல்லாம் என் பெருவிரல் கீழே வெறும் தரையில் எதையோ தேடி நெளிந்தது. இடுப்பு வலித்தது, தோள் வலித்தது. முட்டி மட்டும் சுகமாக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை, காலண்டரைத் திட்டினேன்.

ஆடி முடிய நாலு நாள் இருந்தது. மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு நிலைச்சட்டங்களையும் ஒருவழியாக இழைத்துவிட்டேன், லட்சுமிச் சட்டத்தில் கையே வைக்கவில்லை. ஒரே ஒரு நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்து, பிளாஸ்டிக் நாற்காலி மேல் கால் வைத்துப் பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன். ஏறி, சப்பணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தைக் கால் விரலால் கவ்வி, உளியை எடுத்தேன்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! தாமரை இதழ் தானாக வந்து விழுந்தது. லட்சுமிக்குப் பக்கத்து யானையின் தும்பிக்கை வளைந்தது. ஒரு நிமிஷம் என்று ஏறியவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு இறங்கப் பார்த்தேன். முட்டி அசையவில்லை. மடக்கின கால் மடக்கினபடியே இருந்தது. நாற்காலி முதுகில் கையை ஊன்றப் பார்த்தபோது அதுவும் சரிந்து தள்ளிப் போய் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மலையிலிருந்து விவசாயி கிழங்குப் பையோடு வந்து நின்றார். என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாங்க, மேல ஏறி உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"வேலைங்க."

"எறங்கலீங்களா?"

"எறங்குவேங்க."

அவர் மரியாதையான மனுஷர். கிழங்குப் பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் லட்சுமியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கடைசியில் எனக்கு வேறு வழியில்லை. "கொஞ்சம் புடிங்க" என்றேன். அவர் என் அக்குளில் கை கொடுத்து, சப்பணம் கலையாமல் என்னை அப்படியே தூக்கினார். சாமி ஊர்வலம் போகிற மாதிரி நான் அவர் கையில் இருக்கிறபோது, அரிசிப் பையோடு என் மனைவி உள்ளே வந்தாள்.

சாதாரணமாக அவள் என்னிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். கோபம் வந்தால் முதலில் போவது அந்த 'ங்க'தான்.

"தரையில உக்காராதன்னு டாக்டரு சொன்னா, தரைய மூணடி தூக்கி வெச்சி அதுமேல உக்காருவியா நீ? உனக்கு மண்டையில இன்னா இருக்குது?"

விவசாயி என்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நாற்காலியை நிமிர்த்தி அதில் வைத்தார். காலை மெல்ல நீட்டினேன், உயிர் போய் வந்தது. அவள் இன்னும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதுவிட்டாள். "நீ நடக்காம பூட்டன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்று அந்த ஆள் எதிரிலேயே அழுதாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டு, ஒன்றாம் தேதி மாமா வருவார் என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப என் லட்சுமிங்க?" என்றார் விவசாயி. மனைவி அரிசிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் கிழங்கை வைத்துவிட்டுப் போனார்.

ஆவணி முதல் தேதி கடையில் போய் உட்கார்ந்தேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஃபேன் நன்றாகச் சுற்றியது. நாற்காலி சொகுசாக இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். முட்டியில் வலியே இல்லை. மத்தியானம் வரை மூன்று பில் போட்டேன், மூன்றிலும் தப்பு. மச்சான் ஒன்றும் சொல்லாமல் திருத்தினான், அது இன்னும் ஆத்திரம்.

சாப்பாட்டு வேளைக்கு ஒருவர் ஒரு டிராயர் பலகையோடு வந்தார். உள்ளே போக மாட்டேன் என்கிறது, ஓரத்தில் துளி சீவிக் கொடுக்க ஆள் உண்டா என்று கேட்டார். ஆசாரி யாரும் இல்லை என்று மச்சான் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் பலகையை வாங்கிவிட்டேன். விற்பனைக்கு இருந்த இழைப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டேன். என் நாற்காலிக்கு எதிரே ப்ளைவுட் தகடுகள் அடுக்கியிருந்தன, நாற்காலி உயரத்துக்குத்தான் இருந்தன. பலகையை அதன்மேல் படுக்க வைத்து, எழுந்திருக்காமலே வலது காலை நேராக நீட்டி அதன்மேல் போட்டேன். பெருவிரல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பலகை அசையவில்லை. நாலு தள்ளு, வேலை முடிந்தது. அவர் போய்விட்டார். நான் காலை எடுக்கவில்லை.

கால் மடங்கியிருக்கவில்லை, நீண்டிருந்தது. இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. முட்டி வலிக்கவில்லை. நின்று செய்யவும் இல்லை, தரையில் உட்காரவும் இல்லை! மடையன், மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டு கடையின் டேப்பை எடுத்து நாற்காலியின் உயரத்தை அளந்தேன். பதினேழரை அங்குலம். கையில் எழுதிக்கொண்டு எழுந்தேன்.

"மாமா, எங்க போற? பில்லு!"

"நீயே போட்டுக்கோ, நான் போட்டா தப்பாதான் வரும்."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மனைவி லேசில் நம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே அரிசி மூட்டையை இழுத்துப் போட்டு, காலை நீட்டிக் காட்டினேன். அவள் குனிந்து முட்டியைப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள், அமுக்கியும் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா இல்லடி."

"வேல முடியற வரைக்கும் பாக்கறேன். நடுவுல ஒரு தபா முட்டி மடங்கிச்சி, பெஞ்சு அடுப்புக்குப் போவும். தம்பி கடை சேர் அப்படியேதான் இருக்குது."

'ங்க' திரும்பி வந்துவிட்டதைக் கவனித்தேன், தைரியம் வந்தது. பெஞ்சைச் சாய்த்துப் போட்டு மூன்றாவது தடவையாகக் கால்களை அறுத்தேன். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி போனது. பதினேழரை அங்குலத்தில், இரண்டடி அகலத்தில், எட்டடி நீளத்தில் கடைசியில் வந்து நின்றது ஒரு கட்டில் மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "படுக்கவா?" என்று கேட்டார். நான் அறுத்துத் தள்ளிய கால் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

ஆனால் என்ன பெஞ்சு அது! ஒரு கோடியில் உட்கார்ந்து வலது காலை அதன்மேலேயே நீட்டினால் லட்சுமிச் சட்டம் விரலுக்கு அடங்கியது. நிலைச்சட்டத்தில் துளை போட வேண்டுமென்றால், சட்டத்தைப் படுக்க வைத்து அதன் மேலேயே வலது காலை நீட்டினபடி உட்கார்ந்துவிட்டால் போதும். என் கனத்தில் அது எங்கே நகரும்? "இத்தன வருசம் சோறு போட்டதுக்கு இப்பதான் பலன்" என்றாள் மனைவி. அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கில் கொட்டகைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் என் முட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போவாள். முட்டி ஒவ்வொரு தடவையும் நீட்டினபடியே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்து, லட்சுமியின் கண் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கண் திறக்கிற வரைக்கும் அது மரம், கால் வைக்கலாம். கண்ணில் உளி வைக்கப்போகிறோம் என்றால் காலை எடுத்துவிட வேண்டும், அப்புறம் அது சாமி. முன்பெல்லாம் அந்த நேரத்தில் தரையில் சம்மணமிட்டு, மடியில் கிடத்தி, தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு முடித்துவிடுவேன். இப்போது முட்டியை மடக்க முடியாது. காலை எடுத்தேன். சட்டம் வழுக்கியது. இடது கையால் பிடித்தால் உளி பிடிக்கக் கையில்லை. கண்ணில் உளி துளி நழுவினாலும் முகமே போய்விடும், விவசாயி வாராவாரம் சொன்னதெல்லாம் வீண். இரண்டு தடவை முயன்று பார்த்து வைத்துவிட்டேன். அறுத்த கால், போட்ட சண்டை எல்லாம் இந்த இரண்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டதே என்று சட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி முட்டியைப் பார்க்க வந்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாச்சி?"

சொன்னேன். அவள் போய்க் கையையும் காலையும் கழுவிக்கொண்டு வந்தாள். பெஞ்சின் அடுத்த பக்கம் எனக்கு எதிரே உட்கார்ந்து, சட்டத்தின் இரண்டு கோடியையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பெருவிரல் பிடிக்கிற பிடியை விட அது கெட்டியாக இருந்தது. அவள் மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. வலது கண்ணில் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். இமை பிரிந்தது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் தலையை நிமிர்த்தாமல். இமையில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டு, "தம்பிக்கு ஒரு போன் போடணும். அந்த சேருக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி. எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குது, நீங்களே போட்டுச் சொல்லிடுங்க" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உளியின் முனை தெரியவில்லை. முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொரு கண்ணு பாக்கி இருக்குது. முடிச்சிட்டுப் போடறேன்."

"முடிங்க" என்றாள். பிடியை விடவில்லை.